காத்தான் வீட்டுக் கால்

செவ்வந்திக்கு ஓட வராது. நடப்பாள். அதுவும் முழங்காலை உயரத் தூக்கிப் பாதத்தைத் தொப்பென்று கீழே போட்டு நடப்பாள். தூக்காவிட்டால் விரல் நுனி தரையில் இடறிவிடும். உள்ளங்கால் வில்லாக வளைந்து, குதிகால் உள்பக்கம் சாய்ந்து, பாதத்தின் வெளி ஓரம் மட்டும்தான் மண்ணில் படும். கெண்டைச் சதை கரைந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு மூங்கில் கழிகள் மாதிரி இருக்கும்.

சேற்றில் இறங்கிவிட்டால் மட்டும் அவளுக்குக் குறை தெரியாது. சேறு கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், சாய விடாது. நெடுங்கோட்டகத்து நடவாள்களில் அவள் கை வேகத்துக்கு ஈடு கொடுக்க நாலைந்து பேரால்தான் முடியும். கரையேறி வரப்பில் கால் வைத்ததும்தான் பயம் பிடிக்கும்.

அவள் அப்பா காத்தானுக்கும் இதே நடை. ஆனால் அவர் காலுக்கு ஊரறிந்த காரணம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கடைசியில், பண்ணைக் காரியக்காரர் அவரைக் களத்து மரத்தில் கட்டி வைத்துச் சாட்டையால் விளாசி, காலையும் அடித்து நொறுக்கினார் என்று சுற்றுப்பட்ட எல்லா ஊருக்கும் தெரியும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம் எங்கே நடந்தாலும் காத்தானை மேடையேற்றுவார்கள். அவர் வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டி, "பாருங்க தோழர்களே, பண்ணையார் எனக்குக் குடுத்த பரிசு" என்பார். கூட்டம் கொதிக்கும்.

"அது சரி, ஒம் மவளுக்கு எப்படி வந்துச்சு?" என்று யாராவது கேட்டால், "இவ வயித்துல இருக்கறப்ப இவ அம்மா அந்த அடியைக் கண்ணால பாத்தா. அந்த அதிர்ச்சி" என்று முடித்துவிடுவார். செவ்வந்தியும் அதையே நம்பினாள். தாய் வயிற்றில் இருந்தபோதே பண்ணையாரிடம் அடி வாங்கியவள் என்று தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு மூலையில் பெருமைகூட உண்டு.

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம். தி.மு.க. ஆட்சிக்கு வந்து ஐந்து வருஷம் ஆகப்போகிறது. கூலிக்குச் சட்டம் வந்துவிட்டது என்று சங்கத்தில் சொன்னார்கள். மிராசுதார்களோ சட்டத்தைச் சட்டை செய்யவில்லை. உள்ளூர் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்ததும், பெரிய பண்ணை வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கியது. ஆளோடு தடியும் வந்தது.

காலை பத்து மணி இருக்கும். மறியலுக்காகப் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செவ்வந்தியின் எட்டு வயது மகள் காளியம்மாளும் அம்மாவோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து குதித்தவர்கள் பேச்சு வார்த்தை எதுவும் இல்லாமல் தடியோடு வயலில் பாய்ந்தார்கள். "ஓடுங்கடி!" என்று யாரோ கத்தினார்கள்.

"நீ ஓடு, பாப்பா! எனக்காக நிக்காத!" என்று மகளைத் தள்ளிவிட்டாள் செவ்வந்தி.

பிள்ளை ஓடியது. பின்னாலிருந்து பார்த்த செவ்வந்திக்கு, தடியோடு வருகிறவர்கள் ஒரு கணம் மறந்து போனார்கள். காளியம்மாளின் வலது பாதம் தொங்கியது. கட்டை விரல் மண்ணைக் கீறிக்கொண்டே போனது. பத்தடிக்குள் இரண்டு முறை இடறி விழுந்து எழுந்து ஓடியது.

செவ்வந்தி நாலு எட்டு வைப்பதற்குள் கணுக்கால் மடங்கி வாய்க்காலில் விழுந்தாள். அப்படியே தவழ்ந்து மதகுக்கு அடியில் நுழைந்துகொண்டாள். இடுப்பளவு தண்ணீர். தலைக்கு மேலே காலடிச் சத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. பிள்ளை வீடு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் உச்சி வெயில் வரை அங்கேயே கிடந்தாள்.

பிள்ளை பத்திரமாகத்தான் இருந்தது. கணவன் சாமிதுரைக்குத் தோளில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். எல்லாரும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோது, நாலாம் நாள் வாசல் தரையில் ரத்தக் கறையைப் பார்த்தார் சாமிதுரை.

"யாரு காலுடி இது?"

செவ்வந்தியின் வலது பாதத்து வெளி ஓரத்தில், காய்ப்புக் காய்த்த இடத்தில், கருவேல முள் ஒன்று அடியோடு ஏறியிருந்தது. சீழ் வைத்து உள்ளே குழி விழுந்திருந்தது. நாலு நாளாக அதன் மேல்தான் நடந்திருக்கிறாள். வலியே தெரியவில்லை.

முள்ளை எடுத்தும் புண் ஆறவில்லை. மாசி பிறந்தது. அந்தச் சமயத்தில், ஊர் ஊராகச் சைக்கிளில் போய்த் தொழுநோய் பார்க்கும் ரெங்கசாமி என்ற அரசாங்க ஊழியர் தெருவுக்கு வந்தார். நல்ல மனிதர். செவ்வந்தியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இறகால் பாதத்தைத் தொட்டு "எங்க தொடுறேன்?" என்றார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முழங்கால் ஓரத்தில் நரம்பைத் தடவிப் பார்த்தார். கயிறு மாதிரி தடித்திருந்தது. அவர் முகம் மாறியது.

"உடம்புல எங்கயாவது உணர்ச்சியில்லாத தேமல் இருக்காம்மா?"

"இல்லீங்களே."

"தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பயப்படாதீங்க. நான் ஒண்ணும் முடிவாச் சொல்லல."

அவர் சொல்லாததை ஊர் சொல்லிவிட்டது. மறுநாள் கைக்குழாயடியில் செவ்வந்தி குடத்தை வைத்ததும், முன்னால் நின்றவர்கள் தங்கள் குடத்தை ஓரடி நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். நடவுக்கு ஆள் சேர்க்கும் ராமாயி வீட்டுக்கே வந்து, வாசலில் நின்றபடி, "கொஞ்ச நாளைக்கு நீ வேலைக்கு வராம இரேன். புண்ணு ஆறட்டும்" என்றாள். கூடவே வளர்ந்தவள். அன்றைக்கு அவள் உள்ளே வரவில்லை.

பெருவியாதி. அந்தச் சொல்லைச் செவ்வந்தி வாய்விட்டுச் சொல்லவில்லை. மகளைத் தனிப்பாயில் படுக்க வைத்தாள். தட்டைத் தனியாக வைத்தாள். விடிந்ததும் காளியம்மாளின் காலைப் பிடித்துப் பார்ப்பாள். கிள்ளுவாள். "வலிக்குதா? இங்க? இங்க வலிக்குதா?" பிள்ளை அலறினால்தான் அவளுக்கு உயிர் வரும்.

தஞ்சாவூருக்கு முதல் பஸ்ஸில் போனார்கள். காது மடலைக் கீறி நீர் எடுத்தார்கள். தோலைச் சோதித்தார்கள். முடிவு தெரிய மூன்று நாள் ஆகும் என்றார்கள். திரும்பிப் போக மனமில்லாமல், ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியிலேயே கணவனும் மனைவியும் மூன்று நாளையும் கழித்தார்கள். இரண்டாம் நாள் செவ்வந்தி சொன்னாள்: "அதுதான்னு சொல்லிட்டா நான் ஊருக்கு வரல. நீங்க பாப்பாவைப் பாத்துக்குங்க." சாமிதுரை டீ வாங்கப் போனார். வெகுநேரம் கழித்து, கண் சிவந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

தொழுநோய் இல்லை என்று சீட்டில் எழுதி எலும்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் டாக்டர் அப்துல் வஹாப். நாகூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயசிருக்கும். அவர் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றார். பிறகு, "குதிகாலை ஊன்றி நட" என்றார். அவளால் முடியவில்லை. கையை நீட்டச் சொல்லிக் கட்டை விரல் மேட்டை அமுக்கிப் பார்த்தார். அங்கேயும் சதை வற்றத் தொடங்கியிருந்தது.

"நாத்து முடி கையிலேர்ந்து நழுவுதா?"

"சில நேரம் நழுவுதுங்க. வயசாவுதுன்னு நெனச்சேன்."

"இருபத்தேழு ஒரு வயசா?" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "உங்க ஊரு தலைமடையா, கடைமடையா?"

"கடைமடைங்க."

"ஆத்துல தண்ணி கொறைஞ்சா மொதல்ல எந்த வயல் காயும்?"

"எங்க வயலுதான்."

"அப்படித்தான் இதுவும். முதுகுலேர்ந்து போற நரம்பு மெள்ள மெள்ளக் கெட்டுக்கிட்டு வருது. காலுதான் ரொம்ப தூரம், அதனால கால் மொதல்ல. அப்புறம் கை. ஒரு பக்கத்துச் சதை செத்து, மறு பக்கத்துச் சதை இழுக்கறதுனால பாதம் கோணுது. இது ஒட்டற நோய் இல்ல. குடும்பத்துல வழிவழியா வர்றது. ஒங்க வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

"யாருக்கும் இல்லீங்க" என்றாள் செவ்வந்தி. "எங்க அப்பாவுக்குக் கால் கோணல்தான். ஆனா அது பண்ணையில அடிச்சது."

டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பிள்ளைங்க?"

வரப்பில் இடறி ஓடிய பாதம் செவ்வந்தியின் கண்ணில் நின்றது. "ஒரு பொண்ணு. நல்லா இருக்கா" என்றார் சாமிதுரை.

நோயைத் தீர்க்க மருந்து கிடையாது, காலை நேராக்க முடியும் என்றார் டாக்டர். முதலில் மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணை ஆற்ற வேண்டும். பிறகு அறுவை. பாதத்தின் பின்பக்கத்து மூன்று மூட்டுகளைச் செதுக்கி, நேராக வைத்து, ஒன்றாக இணைத்துவிடுவது. உள்பக்கம் இழுக்கிற தசைநாரை எடுத்து மேலே கொண்டுவந்து தைப்பது, பாதம் தொங்காமலிருக்க. மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது.

"அப்புறம் நடவு நடலாங்களா?"

"தட்டையா நிக்கலாம். புண்ணு வராது. கணுக்கால் மடங்காது. ஆனா இணைச்ச பாதம் மேடு பள்ளத்துக்கு வளைஞ்சு குடுக்காது. சேத்துல முன்ன மாதிரி வேகம் வராதும்மா. பொய் சொல்ல மாட்டேன்."

ஊரில் ஆளாளுக்குப் பேசினார்கள். தஞ்சாவூரில் காலை வெட்டிவிடுவார்கள் என்றார்கள். காத்தான் ஒரேயடியாகக் கூடாது என்றார். "இந்தக் காலோட நான் அறுவது வருஷம் ஓட்டல? கத்தி எதுக்கு?" என்று கத்தினார். அவர் ஏன் அவ்வளவு கோபப்படுகிறார் என்று செவ்வந்திக்குப் புரியவில்லை. இரண்டு மாதம் யோசித்தாள். மகள் நடக்கும்போதெல்லாம் பாதத்தையே பார்த்துக்கொண்டு யோசித்தாள். நாளைக்கு இவளை இங்கே கொண்டுவர வேண்டியிருந்தால், கத்தி எப்படிப்பட்டது என்று நாம் முதலில் தெரிந்துகொள்வோம் என்று தோன்றியது. மாவுக்கட்டில் புண் ஆறியதும், ஆனி மாதம் அறுவைக்குச் சம்மதித்து ரேகை வைத்தாள்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் அவளுக்கு ஏதோ வாடை அடிப்பது போல இருந்தது. வலி எதுவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து மாவுக்கட்டின் நுனியைப் பார்த்தாள். விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன. அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தார். அடுத்த அரை மணி நேரத்தில் கட்டை நீளவாக்கில் பிளந்து தளர்த்தினார்கள். விரல்களில் சிவப்பு திரும்புகிறதா என்று டாக்டர் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். செவ்வந்தி தன் காலைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பிச்சோம்" என்றார் கடைசியில். "அறுவைக்கப்புறம் வீங்கறது சகஜம்தான். மத்தவங்களுக்கு வலி சொல்லிடும். ஒன் காலு சொல்லாது. இனிமே கண்ணுதான் சொல்லணும். காலைல ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை பாரு. சாகற வரைக்கும் பாரு."

அடுத்த கவலை ஊரிலிருந்து வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்துகொண்டிருந்த சாமிதுரை வரவில்லை. மேட்டூர்த் தண்ணீர் வந்து நடவு தொடங்கும் நேரம். திரும்பவும் வெளியாள் இறக்கினார்கள் என்றும், நெடுங்கோட்டகத்தில் போலீஸ் வேன் நிற்கிறது என்றும் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். யாருக்கு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எட்டு நாள். காலை உயரக் கட்டித் தொங்கவிட்ட நிலையில் வாசலையே பார்த்தபடி கிடந்தாள். சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, டாக்டர் மாணவர்களோடு வார்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். நீண்ட தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கிழவர், அவர் கையைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை. கிழவர் முழங்காலை உயரத் தூக்கித் தொப்பென்று போட்டு வந்தார். குழந்தையும், அவ்வளவு இல்லாவிட்டாலும், வலது காலைக் கொஞ்சம் தூக்கித்தான் வைத்தது. டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். மாணவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா! அவருக்கு என்னாச்சு?" என்று கட்டிலிலிருந்தே கத்தினாள் செவ்வந்தி.

"பயப்படாத. அடி கிடி இல்ல. பதினஞ்சு பேரோட போலீஸ்காரன் புடிச்சுக்கிட்டுப் போய்ட்டான். திருச்சி ஜெயில்ல இருக்காரு. பாப்பாவை விட்டுட்டு வர ஆளில்ல, அதான் கூட்டியாந்தேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அதற்குள் டாக்டர் அருகில் வந்திருந்தார்.

"பெரியவரே, அந்தச் சன்னல் வரைக்கும் ஒரு தடவை நடந்து காட்டுங்க."

காத்தான் அசையவில்லை. "என் காலு பண்ணையார் அடிச்ச காலு. இதுல பாக்க ஒண்ணுமில்ல."

"ரெண்டு காலையும் ஒரே மாதிரியா அடிச்சாரு?" என்று டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். "கையைக் காட்டுங்க. கையையும் அடிச்சாரா?"

காத்தானின் விரல்கள் மடங்கிப் போயிருந்தன. அவர் அவற்றைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். டாக்டருக்கு என்ன தோன்றியதோ, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

காத்தான் தரையில் உட்கார்ந்தார். காளியம்மாள் அம்மாவின் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நெசத்தைச் சொல்லு."

அவர் மடங்கிய விரல்களைத் துண்டிலிருந்து வெளியே எடுத்தார். "அடிச்சது பொய்யில்ல, ஆத்தா. முதுகுல இன்னமும் தழும்பு கெடக்கு. ஆனா அடிச்சதுனால காலு வளையல. காலு வளைஞ்சிருந்ததுனாலதான் அடிச்சான். நெல்லுக்கட்டு சொமக்கறப்ப நான் பின் தங்குவேன். வேணும்னு சுணங்குறான்னு மரத்துல கட்டிட்டான். எங்க அய்யாவுக்கும் இதே காலுதான். புண்ணு புழுத்துச் செத்தாரு."

"தெரிஞ்சும் ஏன் மறைச்ச? பெருவியாதின்னு சொல்லி என்னைக் கொழாயடியில ஒதுக்கினாங்களே, அப்பக்கூட நீ வாய் தொறக்கலயே! நான் செத்துப் போயிடலாம்னு கெடந்தேன்."

"வழிவழியா வர்ற நோய்னு சொல்லியிருந்தா ஒன்னை யாரு கட்டிக்குவா? மொதல்ல ஒனக்காகத்தான் சொன்னேன். அப்புறம் மேடையில சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாப் போச்சு."

செவ்வந்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. சாயந்தரம் அவர் புறப்படும்போது, "பாப்பாவை அந்த டாக்டர்கிட்ட காட்டிட்டுக் கூட்டிப் போ" என்று மட்டும் சொன்னாள். அவர் காட்டினார். தன் காலையும் காட்டினார்.

சாமிதுரை ஒன்றரை மாதத்தில் வெளியே வந்தார். கட்டுப் பிரித்தபோது செவ்வந்தியின் வலது பாதம் தட்டையாகத் தரையில் படிந்தது. அடுத்த வருஷம் இடது கால். டாக்டர் சொன்ன மாதிரியே நடவு போய்விட்டது. இரண்டு நடவுக்கு வீம்பாக இறங்கிப் பார்த்தாள். இணைத்த பாதம் சேற்றில் கட்டையாக நின்றது, உருவ முடியவில்லை. வரிசையில் கடைசியாகக் கரையேறிய அன்று உட்கார்ந்து அழுதாள். பிறகு களத்து வேலைக்குப் போனாள், நெல் தூற்றுவதற்கும் மூட்டை தைப்பதற்கும். சத்துணவு வந்தபோது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் உதவிக்குச் சேர்ந்தாள். சமையலுக்கு முன்னால் தினமும் காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும்.

காத்தான் அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்றார். இரண்டு வருஷத்தில் இறந்து போனார். மகள் அவரை மன்னித்தாளா என்று யாரும் கேட்கவில்லை. கடைசி மாதங்களில் அவர் பாதத்தைக் கழுவித் துடைத்துப் புண் இருக்கிறதா என்று பார்த்தவள் அவள்தான்.

காளியம்மாளுக்குச் சீக்கிரமே பார்த்ததால் எலும்பில் கை வைக்கத் தேவையிருக்கவில்லை. சில வருஷம் தோல் பட்டை வைத்த பூட்ஸ். பள்ளிக்கூடத்தில் அதைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு வெறுங்காலோடு வருவாள். அம்மாவிடம் அடி வாங்குவாள். பதின்மூன்று வயதில் தசைநாரை மாற்றித் தைத்தார்கள். அறுவை முடிந்த மூன்று நாளும் செவ்வந்தி கண்ணை மூடாமல் மகளின் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை கறுக்கவில்லை.

எண்பத்தாறில் பெண் பார்க்க வந்தார்கள். காளியம்மாள் பத்தாவது முடித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலையில் இருந்தாள். சாமிதுரை மனைவியைச் சமையல் பக்கம் இழுத்து, "இப்ப எதுக்குச் சொல்லணும்? நடையில தெரியவே இல்லயே" என்றார். செவ்வந்தி அவர் கையை உதறிவிட்டு வெளியே வந்து, எல்லார் முன்னாலும் சொன்னாள். பையனின் தாயார் காபியைக் கீழே வைத்துவிட்டு, "பொறக்கற பிள்ளைக்கும் வருமா?" என்றார்.

"பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொன்னாருங்க. வராமயும் போவலாம்."

அவர்கள் அதோடு போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களும் போனார்கள். காளியம்மாள் ஒரு மாதம் அம்மாவோடு பேசவில்லை. செவ்வந்திக்குத் தூக்கம் போயிற்று. தன் அப்பா செய்ததுதான் சரியோ என்றுகூட ஒரு நாள் நினைத்தாள்.

மூன்றாவதாக வந்தவன் அமிர்தலிங்கம், சீர்காழிப் பக்கம் பஸ் மெக்கானிக். அவனிடமும் சொன்னாள். அவனும் பதில் சொல்லாமல்தான் போனான். பத்து நாள் கழித்துத் தனியாக வந்தான். தஞ்சாவூர் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான்.

"என்ன சொன்னாருங்க?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"நீங்க சொன்னதைத்தான் அவரும் சொன்னாரு, அத்தை. ஒரு வார்த்தை கூடக் கொறச்சலில்ல" என்றான். "தேதி பாக்கலாமா?"

அவன் அத்தை என்று கூப்பிட்டதை அவள் முதலில் கவனிக்கவில்லை. உள்ளே நின்றிருந்த காளியம்மாள்தான் கவனித்தாள்.